பிடி கொடாமல்

இங்கே காலை எட்டு, அங்கே இரவு எட்டு.
இருபது பெயர்கள் வாசித்து முடிப்பதற்குள்
பத்தேகால் ஆகிவிட்டது.
ஈசூன், பதினோராம் மாடி.
மேசைமேல் இரண்டு கைப்பேசி, ஒரு மடிக்கணினி,
யாரும் தொடாத பிராட்டா.
துறைமுகத்து ஆரஞ்சுச் சட்டையை நான் இன்னும் மாற்றவில்லை.
உட்கார்ந்திருக்கும் என் மகன்
நிற்கிற என் உயரம்.

அழைக்கிறார்கள்.
இருபத்து மூன்றாவது தேர்வு கையில் உள்ள அணி.
உன்னை எடுத்தால் இந்த வருடமே வருவாயா,
நாங்கள் சொல்கிற தொகைக்கு?
யுவனேஷ் ஆங்கிலத்தில் என்னவோ நீளமாகச் சொன்னான்.
என் காதில் அது
'பார்க்கலாம்' என்று விழுந்தது.
பெண் கேட்டுப் போன என்னை
மாமனார் ஆறு மாதம் அலையவிட்ட
அதே பார்க்கலாம்.

மெல்பர்னிலிருந்து முகவர் தட்டச்சுகிறார்:
பிடி கொடுக்காதே.
முழங்கால் அறிக்கையை இவர்களுக்கு அனுப்பாதே.
நமக்கு வேண்டிய அணி மட்டும் பார்க்கட்டும்.
சீட்டுக்கட்டைப் போல
முழங்காலையும் மறைத்துப் பிடிக்கலாம் என்று
ஐம்பத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.

இருபத்தாறு வருடம் கப்பலில் பெட்டி இறுக்குகிறேன்.
துளையில் கம்பியை விட்டு நெம்பினால்
முப்பது டன் அசையாமல் கடல் தாண்டும்.
கம்பி மட்டும் போதாது,
ஊன்ற ஓர் இடம் வேண்டும்.
இவன் எதில் ஊன்றியிருக்கிறான்?

பெர்த்தில் பாக்கி இருக்கிற ஒரு வருட ஒப்பந்தத்தில்.
'அங்கேயே இருந்துகொள்கிறேன், எனக்கு அவசரமில்லை.'
நம்பிவிட்டார்கள்.
மார்ச்சில் ஒருநாள் பெர்த்திலிருந்து அழைத்தவன்
நாற்பது நிமிடம் பேசவே இல்லை.
சமையலறையில் குக்கர் சத்தம் கேட்கணும், வைக்காதீங்க என்றான்.
அது எனக்கும் அவன் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

தேசிய சேவைக்குப் போனபோது
அவன் காலுக்குப் பூட்ஸ் இல்லை.
தைத்து வரும்வரை இரண்டு வாரம்
விளையாட்டுக் காலணியோடு அணிவகுத்தான்.
தன் அளவுக்கு ஒரு படையே காத்திருக்கும் என்று
அப்போது தெரிந்துகொண்டானோ என்னவோ.
எனக்குக் கொடுத்த பூட்ஸ் எல்லாம்
முதல் நாளே பொருந்தியது.

மேசைக்கு மேலே குரல் அசையவில்லை.
மேசைக்குக் கீழே,
பந்தை ஒற்றைக் கையால் கவ்வும் விரல்கள்
அவன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தன.
சிவந்துவிட்டது.
அவள் கையை இழுக்கவில்லை.

இருபத்து மூன்றில் வேறு பெயர்.
திரையில் வேறு யாரோ ஒரு தாய் அழுகிறாள்.
இருபத்து நான்கு.
இருபத்தைந்து, எங்கோ செர்பியப் பையன்.
போச்சு, என்று எனக்குள் ஒருவன் சொல்கிறான்,
கிடைத்ததை வாங்கிக்கொண்டே பழகியவன்.

அப்போது அடித்தது என் கைப்பேசி.
மேற்பார்வையாளர் தியோ.
ஞாயிற்றுக்கிழமை இரட்டை ஷிஃப்ட், கேனா?
இத்தனை வருடமும் என் பதில்
அவர் கேள்வி முடியுமுன் போய்ச் சேர்ந்துவிடும்: கேன்.
இன்று எனக்கு என்ன வந்ததோ,
'சீ ஹவ், லா' என்றேன்.
பார்க்கலாம்.

இரண்டு நொடி.
'ஓகே, ரஃபிக்குலைக் கேட்கிறேன்.'
வைத்துவிட்டார்.
நூற்று நாற்பது வெள்ளி.

யாருப்பா, என்றான் திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
ராங் நம்பர், என்றேன்.
அவன் அம்மா என்னைப் பார்த்தாள்.

இருபத்தெட்டும் முடிந்தது.
ஆறிப்போன பிராட்டாவைக் கிழித்துப்
பாதியை என் பக்கம் தள்ளினான்.
மெல்லக்கூட இல்லை,
மேசை அதிர ஆரம்பித்தது, அவனுடையது.
எண்ணைப் பார்த்தான்.
எடுக்கவில்லை.
இரண்டாவது மணி.
என் வாயில் பிராட்டா அப்படியே நின்றது.